கல்லில் உறைந்த பெருந்தலை: மலேரி நீர்நில வாழ்வியும் கோண்டுவனப் பெருநிலமும்

பழந்தமிழ் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் 'லெமூரியா', 'கோண்டுவானா' என்னும் இரு சொற்களை எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. கடல்கொண்ட குமரிநாட்டைப் பற்றிய நூல்களிலும் மேடைச் சொற்பொழிவுகளிலும் இவ்விரண்டும் ஒரே நிலத்தின் இரு பெயர்கள் போலவே வழங்கப்பட்டு வந்துள்ளன. ஆனால் இவை ஒன்றல்ல. ஒன்று, சிலகாலம் அறிஞரிடை உலவிப் பின்னர்க் கைவிடப்பட்ட கருத்து. மற்றொன்று, ஐயத்திற்கு உள்ளாகிப் பல சோதனைகளைக் கடந்து உறுதி பெற்ற உண்மை. இவ்வேறுபாடு எவ்வாறு துணியப்பட்டது என்னும் வரலாற்றில், இந்திய மண்ணிற் புதைந்து கல்லாகிப்போன சில நீர்நில வாழ்வனவற்றுக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. தவளைக்கும் தேரைக்கும் தொலைவுறவினவான அப்பேருயிர்களின் கதை, மொழி வரலாறு பயில்வோரும் அறிந்திருத்தற்குரியது.

மங்களியிற் கிடைத்த மண்டையோடு

ஸ்காத்துலாந்தில் 1817 இல் பிறந்த ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் சமயத் தொண்டர் 1845 இல் நாகபுரிக்கு வந்தார். பள்ளி நடத்துவதும் சமயம் பரப்புவதும் அவர்தம் பணி. எனினும் ஓய்வு கிடைத்த போதெல்லாம் மலைகளையும் ஓடைக்கரைகளையும் சுற்றிக் கற்களைத் திரட்டினார். அவருடன் பணியாற்றிய ராபர்ட் ஹண்டரும் இதில் துணைநின்றார். நாகபுரிக்குத் தெற்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவிலுள்ள மங்களி என்னும் ஊரின் மணற்கல்லில் தட்டையானதொரு மண்டையோடு கிடைத்தது. அஃது இலண்டனுக்கு அனுப்பப்பட்டது.

அக்காலத்தே எலும்பியலில் பெரும்புகழ் பெற்றிருந்த ரிச்சர்டு ஓவன் அதனை ஆராய்ந்து, 1855 இல் 'பிராக்கியாப்ஸ் லாட்டிசெப்ஸ்' என்று பெயரிட்டார். குறுமுகமும் அகன்ற தலையும் உடையது என்பது அப்பெயரின் பொருள். 'டைனோசார்' என்னும் சொல்லை 1842 இல் ஆக்கியவரும் இந்த ஓவனே. அவர் மங்களி உயிரை ஊர்வன வகையில் சேர்த்து எழுதினார். பல்லின் குறுக்குவெட்டில் பற்பொருள் மடிப்பு மடிப்பாக உட்சென்று, வழி தெரியாச் சுழல்மாடம் போலத் தோன்றும் இவ்வினத்தை அன்று 'லாபிரிந்தோடான்' என வழங்கினர். 'சுழற்பல்லி' எனத் தமிழில் கூறலாம். இவை ஊர்வன அல்ல, நீர்நில வாழ்வனவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது மங்களி மண்டையோடு.

இதன்பின், வங்காளத்து இராணிகஞ்சு நிலக்கரிப் பகுதியைச் சார்ந்த பாஞ்சேத்துப் பாறைகளிற் கிடைத்த இருவகை நீர்நில வாழ்வனவற்றை 1865 இல் தாமஸ் ஹக்சுலி விவரித்தார். நடு இந்தியாவின் பழைய படுகைகளில் இவ்வினம் பரவலாக வாழ்ந்தது என்பது இவ்வாறு சிறிது சிறிதாகப் புலனாயிற்று.

ஹிஸ்லாப் அதனை முழுதும் காணும் பேறு பெறவில்லை. 1863 செப்டம்பரில் நாகபுரிக்கு அருகே தாக்கள்காட் என்னும் இடத்துப் பழங்கால கல்வட்டங்களைப் பார்வையிட்டுத் திரும்புகையில், வெள்ளம் பெருகியிருந்த ஆற்றைக் கடக்க முயன்று உயிர் துறந்தார். தமிழகத்திலும் ஈமக் கல்வட்டங்கள் மிகுதியாக இருத்தலை அறிந்தவர்க்கு, அவர் இறுதியாக ஆராய்ந்த பொருள் அன்னியமானதாகத் தோன்றாது.

பெயரின் வரலாறு

ஹிஸ்லாப்பின் உழைப்பு கல்லோடு நிற்கவில்லை. நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் பேச்சையும் பழங்கதைப் பாடல்களையும் அவர் கேட்டு எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின், ரிச்சர்டு டெம்பிள் அவற்றைத் தொகுத்து 1866 இல் வெளியிட்டார். கோண்டு மக்கள் தம்மைக் 'கோய்தோர்' என்பர். அவர்தம் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1856 இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் கோண்டியைத் திராவிட மொழிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. கண்ணைக் 'கண்' என்றும் கையைக் 'கை' என்றும் வழங்கும் அம்மொழியைத் தமிழர் தம் உறவாக உணர்தற்குத் தடையில்லை.

இம்மக்களின் பெயரே உலக நிலவியலில் நிலைத்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி மெட்லிகாட், நடு இந்தியாவில் நிலக்கரியோடு கூடிய பழைய ஆற்றுப் படிவுப் பாறைகளுக்கு 1872 இல் 'கோண்டுவானா' என்று பெயரிட்டார். கோண்டுகளின் வனம் என்பது அச்சொல்லின் பொருள். அப்பாறைகளிற் காணப்படும் குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலைகள் தென்னாப்பிரிக்காவிலும் காணப்பட்டன. இவை போன்ற ஒற்றுமைகளைக் கொண்டு, தென்பகுதி நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்று கருதிய ஆஸ்திரிய அறிஞர் எடுவார்டு சூயெஸ், அப்பெருநிலத்தைக் 'கோண்டுவானா நிலம்' என்று 1885 இல் குறித்தார். 'வனம்' என்பதே இடத்தைக் குறித்தலின் 'நிலம்' மிகைச்சொல் என்று கூறி அதனை நீக்குவாரும் உளர். எவ்வாறாயினும், எழுத்து வழக்குப் பெரிதும் இல்லாதிருந்த ஒரு திராவிடக் குடியின் பெயர், புவியின் தென்பாதி முழுவதற்கும் உரிய பெயராயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகிறது. பெயர் திராவிடப் பெயராயிருத்தலால் அந்நிலமும் திராவிடர் வாழ்ந்த நிலம் ஆகிவிடாது. பெயர் வைத்தது 1872 இல். நிலமோ மாந்தர் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்பே பிளவுண்டது. சொல்லின் வயதையும் பொருளின் வயதையும் மயக்கிக் கொள்ளுதல் கூடாது.

மலேரிச் செம்மண்

தெலங்காணாவில், பிராணகிதை கோதாவரி ஆறுகளின் பள்ளத்தாக்கில், முன்னாள் ஆதிலாபாத் மாவட்டத்தில் மலேரி என்னும் சிற்றூர் உண்டு. கோண்டுத் தலைவர் குமுரம் பீமின் பெயரால் 2016 இல் அமைந்த மாவட்டம் அவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. செந்நிறக் களிமண் பாறையும் மணற்கல்லும் மாறிமாறி அடுக்கிக் கிடக்கும் அந்நிலத்தின் பழம்பொருட் சிறப்பையும் முதலில் வெளிப்படுத்தியவர்களுள் ஹிஸ்லாப் ஒருவர். அங்குக் கிடைத்த நுரையீரல் மீனின் பற்கள் அவர் பெயராலேயே வழங்கின. 1885 இல் ரிச்சர்டு லிடெக்கர் மலேரியின் ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் குறித்து எழுதினார். 1937 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் என். கே. என். ஐயங்கார், மலேரிப் படுகைகளையும் ரேவாப் பகுதியின் திகிப் படுகைகளையும் பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டார். 1940 இல் ஜெர்மானிய அறிஞர் பிரெடெரிக் பான் ஹூனே மலேரி விலங்குகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

எனினும் அதுகாறும் கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த துண்டுகளே. நிலைமை மாறியது 1957 இல். கல்கத்தாவில் மகலனோபிஸ் 1931 இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், எண்களை ஆராய்வதற்காக எழுந்தது. உயிர்களின் அளவும் வளர்ச்சியும் எண்ணால் அறியத்தக்கவை என்று கருதிய மகலனோபிஸ், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பமீலா ராபின்சன் அம்மையாரை வரவழைத்து, அக்கழகத்தில் நிலவியல் ஆய்வுப் பிரிவொன்றை அமைத்தார். உயிரியல் அறிஞர் ஹால்டேன் அக்கழகத்திற்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். இளம் இந்திய ஆய்வாளர்கள் கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கூடாரமிட்டுத் தங்கி, நிலத்தை அடுக்கடுக்காக வரைந்து, ஒவ்வோர் எலும்பும் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைக் குறித்தனர். 1961 இல் அப்பள்ளத்தாக்கின் கோட்டாப் படுகையில் 'பாரப்பாசாரஸ்' என்னும் பெரும் டைனோசாரை அகழ்ந்தெடுத்தவர்களும் இவர்களே.

அவர்களுள் தபன் ராய் சௌதுரி மலேரியின் நீர்நில வாழ்வியை முழுமையாக ஆராய்ந்து, இலண்டன் அரசவைக் கழக வெளியீட்டில் 1965 இல் விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மெட்டோபோசாரஸ் மலேரியென்சிஸ்'. மங்களி மண்டையோட்டை ஆராய்ந்தவர் இலண்டனில் இருந்தபடியே ஆராய்ந்தார். அக்கல்லும் அங்கேயே தங்கிவிட்டது. மலேரி உயிரைத் தோண்டியவரும் ஆராய்ந்தவரும் இந்நாட்டவர். எலும்புகளும் கல்கத்தாவில் காக்கப்பட்டன. நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம், அறிவியல் வரலாற்றில் குறிக்கத்தக்கது. பின்னர் 2019 இல் சஞ்சுக்தா சக்கரவர்த்தி, துர்ஜதி பிரசாத் சென்குப்தா ஆகியோர், இவ்வுயிர் ஐரோப்பிய மெட்டோபோசாரசினின்றும் வேறானது என்று காட்டி, 'பாந்தாசாரஸ்' என்னும் புதுப்பேரினத்தின்கீழ் வைத்தனர்.

உயிரின் தோற்றம்

இவ்வினத்து உயிர்கள் பொதுவாக 2 முதல் 3 மீட்டர் நீளம் உடையன. முதலை போன்ற உடல். ஆனால் தலையோ பலகை போலத் தட்டையானது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இல்லாமல் மேற்புறத்தில், அதுவும் முகத்தின் முன்பகுதியில் அமைந்தன. நெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே 'மெட்டோபோசாரஸ்' என்னும் பெயர் ஆக்கப்பட்டது. கால்கள் சிறியவை; பருத்த உடலைத் தூக்கி நெடுந்தொலைவு நடத்தற்கு ஏலாதவை. மார்பின்கீழ் அகன்ற எலும்புத் தகடுகள் இருந்தன. மண்டையோட்டின் மேல் வாய்க்கால் போன்ற நுண்பள்ளங்கள் காணப்படுகின்றன. மீன்களுக்கு இருப்பதைப் போல நீரின் அதிர்வை உணரும் உறுப்பு அவற்றில் இருந்தது. ஆகவே இவ்வுயிர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றிலும் குளத்திலும் கழித்தது என்பது பெறப்படும்.

மலேரி ஆறுகளில் நுரையீரல் மீன்களும் மட்டிகளும் இருந்தன. கரையில் கிளி அலகு போன்ற வாயுடைய 'ஹைப்பெரோடப்பிடான்' என்னும் தாவரந்தின்னி மேய்ந்தது. முதலையை ஒத்த 'பாராசூக்கஸ்' நீரில் வேட்டையாடியது. இவற்றிடையே அடித்தளத்தில் அசையாது கிடந்து, அருகில் வரும் மீனை வாய் திறந்து விழுங்கி வாழ்ந்திருக்கலாம் நம் பெருந்தலை உயிர்.

மரத்தின் வயதை வளையங்களால் அறிவது போல, இதன் எலும்பை மெல்லிய தகடாக அறுத்து நோக்கினால் வளர்ச்சிக் கோடுகள் தெரிகின்றன. 2020 இல் இந்திய, ஐரோப்பிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வின்படி, நல்ல பருவத்தில் இது விரைந்து வளர்ந்தது. கடும் பருவத்தில் வளர்ச்சி தளர்ந்தது. ஆனால் முற்றிலும் நின்றுவிடவில்லை. மழையும் வறட்சியும் மாறிமாறி வந்த நாட்டில் வாழ்ந்த உயிரின் நாட்குறிப்பாக அவ்வெலும்பு விளங்குகிறது.

மலேரிப் படுகையின் கீழடுக்கில் இவ்வினம் மிகுதி. மேலடுக்கில் இது மறைந்து, வேறொரு குடும்பம் தலையெடுக்கிறது. இவ்விரு அடுக்குகளின் விலங்குத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டியவர் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த டி. எஸ். குட்டி. 1971 இல் அதனை அவர் வெளியிட்டார். மேலடுக்கிற் கிடைத்த இரு புதிய நீர்நில வாழ்வனவற்றை 1995 இல் சென்குப்தா விவரித்தபோது, ஒன்றற்குக் 'காம்ப்சோசெராப்ஸ்' என்றும், மற்றொன்றற்குக் குட்டியின் நினைவாகக் 'குட்டிசெஃபலஸ்' என்றும் பெயரிட்டார். தமிழ் அறிந்தவர் இதனைச் 'சிறுதலை' என்று பொருள்கொள்ளக் கூடும். உண்மையில் அது பெருந்தலையே. 'குட்டியின் தலை' என்பதுதான் பொருள். ஆட்பெயரைப் பண்புப்பெயராகக் கொள்ளும் மயக்கம் அறிவியற் பெயர்களிலும் நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

உப்புநீர் என்னும் எல்லை

இனி, இவ்வுயிர்களால் பெருநில வரலாறு துணியப்பட்ட முறையை நோக்கலாம். தவளையின் தோல் மெல்லியது. நீரை உறிஞ்சும் இயல்பினது. கடல்நீரில் இட்டால் அது நெடுநேரம் உயிர் வாழாது. நீர்நில வாழ்வன பெரும்பாலும் நன்னீருக்கே உரியன. ஆதலின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் உயிர்கள் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் காணப்படின், அவ்விரு நிலங்களும் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்று கருதுதல் தகும்.

இவ்விதி விலக்கற்றதன்று. ஹக்சுலி விவரித்த பாஞ்சேத்து உயிர்களுள் ஒன்று சார்ந்த 'டிரெமட்டோசார்' என்னும் குடும்பத்தின் எலும்புகள் வேறு நாடுகளில் கடற்படிவுகளிலும் கிடைத்துள்ளன. எனவே நீர்நில வாழ்வன எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது; ஆற்றுப் படிவில் மட்டுமே காணப்படும் இனங்களையே சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

அவ்வாறு கொண்டால் கிடைக்கும் முடிபு தெளிவானது. மெட்டோபோசார் குடும்பம் இந்தியாவில் மட்டுமன்றி ஜெர்மனி, போலந்து, போர்ச்சுகல், மொராக்கோ, வட அமெரிக்கா ஆகிய இடங்களிலும் காணப்படுகிறது. அன்று உலகின் நிலப்பகுதிகள் ஏறத்தாழ முழுமையும் ஒன்றாய் இணைந்து 'பாஞ்சியா' என்னும் பெருநிலமாக இருந்ததே இதற்குக் காரணம். மலேரி மேலடுக்கின் சிகுட்டிசார் குடும்பமோ அர்ஜெண்டினா, பிரேசில், இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய தென்னிலங்களிலேயே பெரிதும் அறியப்படுகிறது. அதாவது, கோண்டுவனப் பெருநிலத்தின் எல்லையை இவ்வுயிரின் பரவலே காட்டுகிறது. இக்குடும்பத்தின் கடைசி வாரிசு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த 'கூலாசூக்கஸ்'. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முன்வரை அது வாழ்ந்தது. அதனோடு அப்பெருங்குலம் அற்றது.

நிலங்கள் இணைந்திருந்தன என்பது சரி. பிரிந்தது எப்படி என்பதே அடுத்த வினா. இடையில் இருந்த நிலம் கடலில் மூழ்கியது என்பது 19 ஆம் நூற்றாண்டினர் பலருடைய எண்ணம். 1864 இல் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் லெமூர் என்னும் விலங்கையும் இந்தியாவிலுள்ள அதன் உறவினங்களையும் கொண்டு, இடையே மூழ்கிய நிலத்திற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை மாந்தரின் பிறப்பிடமாகவும் ஊகித்தார். அவ்வூகமே தமிழ்நாட்டை எய்தி, சிலப்பதிகாரமும் இறையனார் அகப்பொருள் உரையும் கூறும் கடல்கோட் செய்திகளோடு இணைக்கப்பட்டது.

1912 இல் ஆல்பிரட் வெகனர், நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்றார். அறிஞர் பலர் நெடுநாள் அதனை ஏற்கவில்லை. 1960 களில் கடலடித்தளம் அளந்தாராயப்பட்டபோது, அத்தளம் நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிதாகத் தோன்றி இருபுறமும் விலகிச் செல்வது வெளிப்பட்டது. இந்தியப் பெருங்கடலின் அடியில் மூழ்கிய பெருங்கண்டம் எதுவும் காணப்படவில்லை. மொரீசியசுத் தீவின் அடியில் பழைய நிலத்துண்டு ஒன்று உண்டு என்பதற்கு 2013 இல் சான்று காட்டப்பட்டது. அதுவும் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தே துண்டாகி, 6 கோடி ஆண்டுகட்கு முன்னரே மறைந்தது. இவ்வாறு லெமூரியா நீங்கியது, கோண்டுவனம் நின்றது. ஒரே வகைச் சான்றிலிருந்து எழுந்த இரு கருத்துகளுள், சோதனையைத் தாங்கியதே நிலைபெற்றது.

கேமரன் மலையின் கல்

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாற்றில் தனியொரு தொடர்பும் உண்டு. பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலையை நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தது 1885 இல். சூயெஸ் கோண்டுவானா நிலத்தைப் பற்றி எழுதியதும், லிடெக்கர் மலேரி உயிர்களைப் பற்றி எழுதியதும் அதே ஆண்டு. 1929 இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அம்மலைச் சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டவருள் தமிழர் பெரும்பங்கினர்.

தானா ராத்தா என்பதற்கு மலாயில் 'சமநிலம்' என்பது பொருள். அச்சமநிலத்தின் அடியிலும், சூழ்ந்துள்ள தேயிலைச் சரிவுகளின் அடியிலும் கிடப்பது கருங்கல். தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவாங்சா மலைத்தொடரின் கல் இது. ஏறத்தாழ 22 கோடி முதல் 20 கோடி ஆண்டுகட்கு முன், நிலத்தின் ஆழத்தே உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இக்கல்லாயிற்று. அதாவது, கோதாவரிப் பள்ளத்தாக்கில் பாந்தாசாரசும் அதன் பின்னோரும் வாழ்ந்த காலமும், தானா ராத்தாவின் கல் உருவான காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே காலத்தவை ஆயினும், தித்திவாங்சாக் கல்லில் எலும்பைத் தேடிப் பயனில்லை. நெருப்பிற் பிறந்த கல் உயிரின் சுவட்டைக் காப்பதில்லை. நீர் கொணர்ந்து படிவித்த சேறும் மணலுமே அதனைக் காக்கும்.

இன்னும் ஒன்று. மலாயாத் தீபகற்பத்தின் மேற்குப் பாதி 'சிபுமாசு' என்னும் நிலத்துண்டைச் சார்ந்தது. சயாம், பர்மா, மலாயா, சுமத்திரா என்னும் நான்கன் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. இத்துண்டும் ஒருகாலத்தில் கோண்டுவனத்தின் விளிம்பில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்ததே. பின்னர்ப் பிரிந்து வடக்கே நகர்ந்து, இந்தோசீன நிலத்தோடு மோதியது. அம்மோதலின் விளைவே கேமரன் மலையின் கருங்கல். இந்தியத் துண்டு அதற்கு வெகுகாலம் பின்னரே பிரிந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன் ஆசியாவில் மோதி இமயத்தை எழுப்பியது. தமிழகமும் கேமரன் மலையும் ஒரே பெருநிலத்தின் பிள்ளைகள். ஆனால் இந்த உறவு கல்லின் உறவு, மாந்தரின் உறவன்று. தமிழர் இம்மலைக்கு வந்த வரலாறு கப்பலாலும் தோட்ட உழைப்பாலும் ஆகியது. அதன் பெருமைக்குப் பழங்கண்டத்தின் துணை தேவையில்லை.

காலத்தின் அளவு

கோடி ஆண்டு என்னும் எண் நாவுக்கு எளிது, மனத்துக்கு அரிது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து ஏறும் மலைப்பாதையின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இப்பாதை முழுவதையும் 23 கோடி ஆண்டு என்று கொண்டு, தாப்பாவில் மலேரி உயிரையும் தானா ராத்தாவில் இன்றைய நாளையும் வைத்துக் கணக்கிடலாம். மாந்த இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்பது இன்றைய துணிபு. அவ்வாறாயின் மாந்தர் தோன்றும் இடம் தானா ராத்தாவுக்கு 78 மீட்டர் முன்னேதான். 2000 ஆண்டுகட்கு முற்பட்ட சங்ககாலமோ அரை மீட்டர், அதாவது ஒரு முழம் அளவே. பாதையின் எஞ்சிய பகுதி முழுவதும் மாந்தர் இல்லாத காலம். கோண்டுவனம் பிளந்ததும், இந்தியா கடல் கடந்ததும், இமயம் எழத் தொடங்கியதும் அப்பகுதியில் நிகழ்ந்தவையே.

ஆகவே கோண்டுவனத்தின் பிளவைக் குமரிநாட்டின் கடல்கோளாகக் கூறுதல் பொருந்தாது. அதனால் பழந்தமிழ் நூல்கள் கூறும் பஃறுளியாறும் குமரிக்கோடும் வெறுங்கற்பனை என்று தள்ளிவிடவும் வேண்டுவதில்லை. கடந்த 20,000 ஆண்டுகளில், பனிக்காலம் முடிந்து பனி உருகியபோது, உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. தமிழகத்தையும் ஈழத்தையும் பிரிக்கும் ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று நிலமாயிருந்தது. மலாயாவும் சுமத்திராவும் சாவகமும் போர்னியோவும் ஒரே நிலமாயிருந்தன. கரைநிலம் கடலுள் மறைந்ததைக் கண்ட மாந்தர் உலகின் பல பகுதிகளிலும் வாழ்ந்தனர். கடல்கோள் நினைவுகளை ஆராய விழைவோர்க்கு இதுவே ஏற்ற காலமும் அளவும் ஆகும். அவ்வாராய்ச்சி கண்டத்தைத் தேடுவதன்று, கரையைத் தேடுவது.

இன்றும் வாழும் சான்று

பெருந்தலை உயிர்கள் அற்றொழிந்தன. இன்றைய தவளைகள் அவை சார்ந்த பெருங்குலத்தின் சிறிய கிளையொன்றிலிருந்து வந்தவை என்பது அறிஞர் பலர் கொள்கை. பம்பாயின் வொர்லிக் குன்றுப் பாறையிற் கிடைத்த சிறு தவளையொன்றை 1847 இல் ஓவனே விவரித்தார். டைனோசார்கள் அழிந்த காலத்தை ஒட்டியது அது.

கல்லான சான்றோடு உயிருள்ள சான்றும் உண்டு. 2003 இல் கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றை பிஜு, பொசுயிட் ஆகியோர் உலகிற்கு அறிவித்தனர். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளிவரும் அதன் நெருங்கிய உறவினம் வாழ்வது சேஷெல்ஸ் தீவுகளில். உப்புநீரைக் கடவாத அவ்விரு குடும்பங்களும் பிரிந்தது நிலம் பிரிந்த பழங்காலத்தே என்பது அவற்றின் மரபணுக்களால் அறியப்பட்டது. 2017 இல் இதன் இன்னொரு வகை தமிழ்நாட்டுத் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் அறியப்பட்டு, களப்பணியின்போது 2014 இல் உயிர்நீத்த கோயம்புத்தூர் ஆய்வாளர் பூபதியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

ஆண்டாள் பிறந்த ஊரை அடுத்த மலையில் மண்ணுக்குள் வாழும் அத்தவளையும், கோண்டு நாட்டுச் செம்மண்ணில் கிடந்த பாந்தாசாரசும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. தென்னிலங்கள் ஒன்றாயிருந்தன, பின்னர்ப் பிரிந்தன, அப்பிரிவு மாந்தர் நினைவுக்கு மிக முற்பட்டது. இதனை மாணவர்க்கு உள்ளவாறு கூறுதல் தமிழின் தொன்மைக்கு இழுக்காகாது. தமிழின் தொன்மை கல்வெட்டாலும் இலக்கியத்தாலும் அகழ்வாராய்ச்சியாலும் நிறுவப்படுவது. அதனை நிறுவ, கோடி ஆண்டுகட்கு முன் மறைந்த நீர்நில வாழ்வியைச் சான்றுக்கு அழைக்கும் ஆசிரியர், வலிய வழக்கை மெலிந்த சாட்சியால் கெடுப்பவராவார். அவ்வுயிரை அதற்குரிய காலத்திலும் இடத்திலும் வைத்துக் கற்பிப்பாராயின், மாணவர் இரண்டினையும் பெறுவர்: மண்ணின் வரலாறு ஒன்று, சான்றை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் மற்றொன்று.